கையைத் தூக்கினால்

அவள் குப்புறக் கிடந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே, ஈரச் சிமெந்தில் முகம் அழுந்த. கையில் பாதி கழுவிய மீன்.

எப்போது விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உடம்பு தானாக விழுந்திருந்தது.

மூன்று வெடி. கொஞ்சம் அமைதி. மறுபடி மூன்று.

வீட்டுக்குள்ளிருந்து.

வீட்டுக்குள் மகள் இயலினி இருக்கிறாள்.

எழுந்து ஓடத் தோன்றவில்லை. ஓடுகிறவர்கள்தான் முதலில் விழுவார்கள். பதினேழு வயதில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. முழங்கையை ஊன்றி ஊர்ந்தாள். படி. குசினிக் கதவு. நிலையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டினாள்.

மகள் கதிரையில் சம்மணமிட்டு இருந்தாள். பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் போன்.

"என்னம்மா, ஏன் நிலத்தில கிடக்கிறீங்கள்?"

அவள் போனைப் பார்த்தாள்.

"கேம் அம்மா. ஹெட்போன் உடைஞ்சு போச்சு. அதான் உங்களுக்குக் கேட்டிருக்கு."

ஹெட்போன் இருந்த ஆறு மாதமும் வீடு அமைதியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சுடுகிற விளையாட்டெல்லாம் வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை சொன்னார். வந்து கணவனிடம் சொன்னாள்.

"வீட்டுக்குள்ளதானே இருக்கிறாள். விளையாட்டுத்தானே, விடும்" என்றான் அவன்.

அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது எழுந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

கூரை இல்லாத வீடுகள். கருகிய மரங்கள். நடுவே ஒரு வெட்டை, மறைவில்லாத வெளி.

வீடொன்றிலிருந்து ஒருவன் வெளியே ஓடி வந்தான். மகளின் விரல் அசைந்தது. அவன் விழுந்தான். சாகவில்லை. கைகளை ஊன்றி ஊர்ந்தான்.

"விடாத இயல், முடி, முடி!" போனுக்குள்ளிருந்து மகளின் வகுப்புத் தோழி கத்தினாள்.

மகள் முடித்தாள்.

ஊர்ந்தவன் கிடந்த இடத்தை அவள் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அவன் கையைத் தூக்கினா?"

"எவன்?"

"ஆரும். சுடாதேங்கோ எண்டு கையைத் தூக்கினா, என்ன செய்வீங்கள்?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. "கையைத் தூக்கிறதுக்கு பட்டன் இல்லையம்மா." கொஞ்சம் யோசித்தாள். "துவக்கைக் கீழ போடலாம். ஆனா ஒருத்தரும் போடமாட்டினம்."

அவளுடைய அண்ணன் போட்டான்.

பத்தொன்பது வயது. போரின் கடைசி மாதங்களில் இயக்கம் பிடித்துக்கொண்டு போய் அவன் கையில் திணித்த துவக்கு. ஒரு மாதம்கூட அவனிடம் இருக்கவில்லை. பற்றைக்குள் எறிந்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வெட்டை வழியாக இராணுவத்தை நோக்கி நடந்தான். பத்தடி பின்னால் அவள் நின்றாள்.

ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். யன்னலுக்குள்ளிருந்து அவளைப் பார்த்து, போ, நான் வாறன் என்று சைகை காட்டினான்.

பதினைந்து வருடம். படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எத்தனை அரசாங்கக் கந்தோர், எத்தனை வரிசை. இருக்கிறான் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் சுவரிலிருக்கும் அவன் படத்துக்கு அவள் மாலை போடவில்லை. மாமா வெளிநாட்டில் என்றுதான் மகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"துவக்கைப் போட்டுக் காட்டு" என்றாள்.

"செத்துப்போவன் அம்மா. பொயின்ட் எல்லாம் போயிடும்."

"போட்டுக் காட்டு பிள்ளை."

மகள் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றது. மறுபேச்சில்லாமல் பட்டனை அழுத்தினாள்.

துவக்கு மண்ணில் விழுந்தது.

திரையில் அந்த உருவம் வெறுங்கையோடு வெட்டையில் நின்றது.

மதிலுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நின்றார்கள். ஒருவன் கிட்ட வந்தான். இன்னும் கிட்ட. சுற்றி வந்து பார்த்தான்.

சுடவில்லை.

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மீன் செதில் ஒட்டிய விரல்கள் இறுகின.

"விடுறாங்கள்" என்று முணுமுணுத்தாள்.

மூன்று வெடி.

திரை சாம்பல் நிறமானது.

"பாத்தீங்களோ? நான் சொன்னன்தானே" என்றாள் மகள். "இப்பிடித்தான் செய்வினம்."

எந்தக் கந்தோரிலும் யாரும் இதை இவ்வளவு தெளிவாக அவளுக்குச் சொன்னதில்லை.

"காணும் அம்மா, நிப்பாட்டுவம்." மகள் போனை அணைக்கப் போனாள்.

அவள் மணிக்கட்டை விடவில்லை.

"இன்னொருக்காப் போடு பிள்ளை" என்றாள். "இந்த முறை விடுவாங்கள்."