மெடலுக்கு ஒரு சாட்சி

"அண்ணே, வந்தவங்க கிளம்புற வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது, ஆமா" என்று பாகர்வடிப் பலகாரத் தட்டை மெர்வின் கையில் கொடுத்தாள் பிலிஸ். அவள் புருஷன் ஹெர்பர்ட்டுக்கும் அதே பயம்தான். மச்சான் வாயில் எதுவும் தங்காது.

கூடத்தில் சுபேதார் ஞானையா மீசையை நீவிக்கொண்டிருந்தார். பூனா கிர்க்கியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகனும் ஹெர்பர்ட்டின் மகள் ஃபேபியோலாவும் இரண்டு வருஷமாக ஒருத்தரையொருத்தர் விரும்புகிறார்கள். பட்டாளத்துக்காரன் மகள்தான் மருமகளாக வரவேண்டும் என்பது சுபேதாரின் ஒரே பிடிவாதம்.

ஹெர்பர்ட் பட்டாளத்துக்காரர்தான். ஆனால் பர்மா பட்டாளம். பிழைக்கப் போன கூலிக் குடும்பம், பத்தொன்பது வயசில் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

ஹெர்பர்ட் எடுத்துக் கொடுத்த பர்மா மெடலைச் சுபேதார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரி ஜூனா பஜார்ல பழைய சாமானோட குவிச்சுப் போட்டு விக்கிறான். இது எதுக்குக் குடுத்தாங்க?"

"நாப்பத்தொம்பதுல உள்நாட்டுச் சண்டைங்க. ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கலகக்காரன் ஒருத்தன் மிஷின் கன்னோட உட்கார்ந்துட்டு, எங்க ஆளுங்களை நகரவிடல. நான் மட்டும் தண்ணிக்குள்ளயே நீந்திப் போயி..."

"போயி?"

"சுட்டுட்டேன். ஆத்துல விழுந்துட்டான்."

மெர்வினுக்குப் புரையேறியது. பிலிஸ் கண்ணாலேயே அவரைச் சுட்டாள்.

"பொணம்?"

"வெள்ளத்தோட போயிருச்சுங்க."

"சௌகரியமாப் போச்சு. மெடலுக்குக் காகிதம்?"

"நாட்டை விட்டுத் துரத்துனப்போ, ரங்கூன்ல கப்பல் ஏறுற இடத்துல எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டாங்க. மெடலை மட்டும் பிலிஸ் புளிப் பானைக்குள்ள அமுக்கிக் கொண்டாந்துட்டா."

"காகிதமும் இல்ல, பொணமும் இல்ல." சுபேதார் மெடலை மேசைமேல் வைத்தார். "நீங்க சுட்டதை, அவன் ஆத்துல விழுந்ததைப் பக்கத்துல இருந்து பார்த்த ஒரு ஆளைக் காட்டுங்க, போதும். இன்னிக்கே நிச்சயம் பண்ணிடலாம். இல்லாட்டி என்னை விட்டுடுங்க."

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தின சண்டை. பூனாவில் சாட்சிக்கு எங்கே போவது? ஹெர்பர்ட் பிலிஸைப் பார்த்தார். பிலிஸ் மின்விசிறியைப் பார்த்தாள்.

சுபேதார் எழுந்து செருப்பைத் தேடினார். கதவுக்குப் பின்னாலிருந்து ஃபேபியோலா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மெர்வின் தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணே, வேணாம்" என்றாள் பிலிஸ்.

"புள்ள அழுவுது பிலிஸு" என்றபடி மெர்வின் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, தோளில் பழைய குண்டுத் தழும்பைக் காட்டினார்.

"உட்காருங்க சம்மந்தி. ஆத்துல விழுந்ததே நான்தான்."