போத்தல் மரியாதை

தட்டத்தில் சோடாப் போத்தல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் தேநீர், கண்ணாடிக் கிளாசில்.

கொக்குவிலில், எங்கள் வீட்டு விறாந்தையில், உலக சமாதானம் தொடங்கிக்கொண்டிருந்தது.

தென்னமெரிக்காவில் பிறந்த இயக்கமாம். மனிதனைவிட உயர்ந்தது எதுவும் இல்லையாம். யாரும் யாரையும் நோகச் செய்யக்கூடாதாம். சேர்ந்தவர் ஒவ்வொருவரும் பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும். சீட்டுக்கு ஆள் சேர்ப்பதுபோலத்தான் அகிம்சையும் வளர்கிறது.

அப்பா ஒன்பது பேரைப் பிடித்திருந்தார். ஒன்பதும் சொந்தக்காரர். கொழும்பிலிருந்து இயக்கத்து வெள்ளைக்காரர் வருகிறார் என்றதும், எல்லாச் சாதியும் இருக்கிறது என்று காட்டப் புத்தூர் ஏரம்புவையும் கூப்பிட்டுவிட்டார்.

ஏரம்பு எங்கள் கிளாசில் வாய் வைக்கக்கூடாது. போத்தல் என்றால் கடைக்குத் திரும்பிப் போய்விடும்.

"உதுக்குப் பேர் உபசாரமப்பா," என்று குசினியில் அம்மாவுக்கு விளக்கம் சொல்லிவிட்டு, அப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு போனார்.

இன்றைக்குத் தலைவரைத் தெரிவுசெய்வார்கள். தலைவரை இத்தாலி மாநாட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அப்பா கோட்டுத் தைக்கக் கொடுத்தாயிற்று.

நான் போத்தலை ஏரம்புவிடம் கொடுத்தேன்.

வெள்ளைக்காரர் தன் தேநீரைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். முகம் மலர்ந்து அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இவருக்கு மட்டும் தனி மரியாதையா, ஊரில் பெரியவரா?

அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். மொழிபெயர்ப்பும் அவர்தான். உண்மையைச் சொல்ல வாய் வருமா? "யெஸ்," என்றார். "வெரி பிக் மேன்," என்றார்.

அப்படியென்றால் இவரே தலைவர் என்று சொல்லி, வெள்ளைக்காரர் எழுந்து ஏரம்புவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம், அத்தான்?" என்றார் தம்பிஐயா மாமா.

"எல்லாரும் வந்தது சந்தோசமாம். என்னைத் தலைவராய்ப் போட்டிருக்கிறாராம்."

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். வெள்ளைக்காரர் ஏரம்புவைப் பார்த்துச் சிரித்தபடி தானும் தட்டினார்.

ஏரம்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அப்பாவின் இத்தாலி நின்றது.

நான் தட்டத்தைக் கீழே வைத்தேன். வந்தவர்கள் முன்னால் நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

"இல்லை மாமா. அவர் ஏரம்பு சேரைத்தான் தலைவர் எண்டவர்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிப்பது புத்தூர் ஏரம்பு என்று கேள்விப்பட்ட அன்றே என் படிப்பை நிறுத்தியவர் அப்பா.

அது அவர் காதுக்கு வர ஒரு வருசம் பிடித்தது. அந்த வருசம் முழுக்க நான் வகுப்பில் முன்வாங்கில் இருந்தேன்.