பத்தாவது பிரதி

“இதையும் அந்த டீச்சருக்கேதான் குடுக்கப் போறீரா?” என்று கேட்டார் கர்னல் தெலெஸ்.

கர்னல் கேட்டது நொர்பெர்த்தோவிடம். போர்ச்சுகலின் போர்த்தோ நகரத்தில் முப்பது வருஷமாகப் பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர் அவர். ஆப்பிரிக்காவில் போர்த்துகீசியப் படை நடத்திய சண்டைகளைப் பற்றி அரிய புத்தகம் வேண்டுமென்றால் அவர் கடைப் படிதான் ஏறவேண்டும்.

மேஜைமேல் கிடந்தது கேப்டன் விலேனா தன் மொசாம்பிக் படையெடுப்பைப் பற்றி எழுதிய புத்தகம். நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்ததே இருநூறு பிரதிதான். ஆறு வருஷத்தில் ஒன்பது பிரதிகள் நொர்பெர்த்தோவிடம் வந்தன. ஒன்பதையும் வாங்கிப் போனவர் கேப்டனின் பேத்தி லியொகாதியா. ஓய்வு பெற்ற பூகோள டீச்சர்.

கர்னலுக்கு அதில்தான் எரிச்சல். படைவீரர் சங்கத்துக்கு அவர் தலைவர். அந்தப் படையெடுப்பின் நூற்றாண்டு விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு பிரதிகூடச் சிக்கவில்லை. தாத்தாவை நினைத்து வெட்கப்பட்டு, வாங்குகிற பிரதியை எல்லாம் டீச்சர் அடுப்பில் போடுகிறாள் என்று சங்கம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

நொர்பெர்த்தோவுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. புத்தகம் சேர்க்கிறவர்கள் அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். டீச்சர் அட்டை கிழிந்திருந்தாலும் கவலைப்பட்டதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார், பையைத் திறந்து பிடித்தபடி. கர்னல் நயமாகவே ஆரம்பித்தார். சொந்தத் தாத்தாவின் கௌரவத்துக்காக, ஒரு மாசம் இரவல் கொடுத்தால் போதும் என்றார்.

“தர மாட்டேன்.”

“எரிக்கிறதுக்கு மட்டும் வேணுமாக்கும்?”

“எரிச்சது எங்க தாத்தா, கர்னல். நான் ஒரு பக்கம்கூடக் கிழிச்சதில்ல.”

“அப்போ அந்த ஒன்பதும் எங்க? காட்டுங்க பாப்போம்.”

“என் வீட்ல ஒண்ணுகூட இல்ல.”

கர்னல் நொர்பெர்த்தோ பக்கம் திரும்பினார். இந்தப் பிரதி டீச்சர் கைக்குப் போனால் சங்கத்து ஆள் ஒருத்தர்கூட இனி இந்தப் படி ஏற மாட்டார் என்றார். கடை பாதிக்கு மேல் ஓடுவதே அவர்களால்தான்.

டீச்சர் கெஞ்சவில்லை. கர்னலிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

“நீங்க இதப் படிச்சிருக்கீங்களா?”

“படிக்க என்ன இருக்கு? அவரு வீரம் ஊருக்கே தெரியும்.”

நொர்பெர்த்தோ புத்தகத்தை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார்.

“அப்படியே எரிச்சாலும், படிச்சவங்க எரிக்கட்டும் கர்னல். கடை என்னுது.”

டீச்சர் பணத்தை எண்ணி வைத்தார். பிறகு, கெட்டிக் காகிதமும் சணல் கயிறும் கிடைக்குமா, மொசாம்பிக்குக்குத் தபாலில் அனுப்பணும் என்றார்.

“மொசாம்பிக்குக்கா? அங்க யாருக்கு?” என்றார் நொர்பெர்த்தோ.

“தாத்தா கொளுத்தின பதினோரு கிராமத்தையும் பெருமையா எழுதிவச்சிருக்காரு. ஊர்ப் பேரு, தலைவர் பேரு, எந்த ஆத்தங்கரை, எத்தனை வீடு, எல்லாம். அங்கேருந்து துரத்தப்பட்டவங்களோட வாரிசுங்க இப்போ நிலத்தக் கேக்கிறாங்க. அங்க இருந்ததுக்கு என்ன ஆதாரம்னு கேட்டு அதிகாரிங்க அவங்களத் திருப்பி அனுப்பிடுறாங்க. நகல் குடுத்தா நம்ப மாட்டேங்கிறாங்க. அதான் ஊருக்கு ஒண்ணு அனுப்புறேன்.”

கர்னலுக்கு முகம் சிவந்துவிட்டது. “சொந்த ரத்தத்தையே காட்டிக் குடுக்குறீங்களே டீச்சர்!”

டீச்சர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“அவரு கொளுத்தின ஊருக்கு அவரே சாட்சி சொல்லி, இதுவரைக்கும் ஆறு ஊருக்கு நிலத்த மீட்டுக் குடுத்திருக்காரு, கர்னல்.”