ஒட்டுமா, ஒட்டாதா?

காலையிலிருந்தே மனோரமா டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஒட்டவைக்கும் பாடம். பார்ப்பதற்குக் கல்வி அதிகாரியே வந்து உட்கார்ந்துவிட்டார். போன வார ஒத்திகைகளில் ஒரு துணுக்குகூட அசையவில்லை. வெள்ளிக்கிழமைதான் துள்ளிக் குதித்து ஒட்டிக்கொண்டன.

"ஆரம்பிங்கம்மா," என்றார் அதிகாரி.

பிள்ளைகள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள்.

"தேயுங்க," என்றாள் மனோரமா.

"எங்க டீச்சர் தேய்க்கிறது?" என்றாள் மோனிஷா.

வகுப்பு முழுக்க, ஆண் பெண் பாக்கியில்லாமல், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்.

"எல்லாருமா?" என்றார் அதிகாரி.

"ஆங் சார்," என்றாள் மோனிஷா. "காகிதம் ஒட்டணும்னு முருகனை வேண்டிக்கச் சொன்னாங்க டீச்சர். வெள்ளிக்கிழமை ஒட்டிடுச்சு. அதான் நேத்து மலைக்குப் போயி மொட்டை அடிச்சிகினு வந்துட்டோம்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் வழுக்கையைத் தடவினார். "பரவால்ல. நீங்களே உங்க தலையில தேய்ச்சுக் காட்டுங்கம்மா."

மனோரமா முந்தானையை மெல்ல இறக்கினாள். சந்தனம் மணத்தது.

"நானும் அதையேதான் சார் வேண்டிகினேன்."