அழுக்குச் சட்டை

கண்மாயில் தூர் வாரிவிட்டு வந்த எழிலரசன், வெளிக் குளியலறையில் குளித்து, உடை மாற்றி, வாசலில் நின்றான். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. அவன் மனைவி வான்மதிக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள்; அதற்கான மருந்தால் அவளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. மண்ணில் வாழும் நோக்கார்டியா கிருமி அவள் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதென்றுதான், தூசியை மோப்பம் பிடிக்கும் இந்தக் கதவு.

அவள் சிரித்தபடி அருகில் வந்ததும் விளக்கு சிவந்தது.

“மதி, நீ வெளியே போனியா?”

“இல்லைங்க. நீங்க குளிக்கிறப்ப ஜன்னல் வழியா கையை நீட்டி கொடியில கிடந்த உங்க அழுக்குச் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். இன்னிக்கு மனசு கேக்கல. தினமும் சோப்பு வாசனையோட வந்து நிக்கிறீங்க, யாரோ விருந்தாளி மாதிரி இருக்கு.”

“அடிப் பைத்தியமே!” என்றான். உடனே மருத்துவருக்குப் போன் போட்டான்.

மருத்துவர் அன்றே மாத்திரை தொடங்கினார். மூன்று வாரம் கழித்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார்.

அன்று மாலை எழிலரசன் வியர்வை சொட்டச் சொட்ட வாசலில் நின்றான். பச்சை எரிந்தது.

“என்னங்க, குளிக்கலையா?”

“குளிச்சிட்டு, குளியலறைக்குள்ளேயே நூறு தோப்புக்கரணம் போட்டேன்டி. முட்டி ரெண்டும் போச்சு. வா, இப்ப மோந்து பாரு.”