குளோரின் தட்டு

யாரா பள்ளத்தாக்கில் வெயில் ஏறியும் திராட்சைக் கொடிகளில் பனி இன்னும் சொட்டுகிறது. வாசலில் குளோரின் தண்ணீர் நிரப்பிய தட்டு மின்னுகிறது. கொடியின் வேரை அரிக்கும் பேன்பூச்சி மண்ணோடு ஒட்டி உள்ளே வந்துவிடாதபடி வேலையாட்கள் தினமும் அதில் நின்றுதான் போகிறார்கள். அவர்களில் ஒருவனான அருந்தவனின் கறுப்புச் சப்பாத்து வெளிறிச் சாம்பலாகிவிட்டது. கிளேட்டன் நகரிலிருந்து வரும் பூச்சி நிபுணர் டொக்டர் விக்னராஜா பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே வருகிறார். சப்பாத்தின் குதியில் அந்தத் தோட்டத்துச் சேறு இன்னும் காயவில்லை. பெரிய மனிதரின் தோல் சப்பாத்து கெட்டுவிடுமாம். கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டை ஒரே எட்டில் தாண்டுகிறார்.

"தம்பி, படகில வந்த உங்கட ஆக்களுக்குச் சுத்தம் விளங்காது. ஒழுங்காக் கழுவச் சொல்லும்."

"ஓம் டொக்டர்."

அருந்தவன் தட்டைத் தூக்கிவந்து, தண்ணீர் தெறிக்க அவர் காலடியில் வைக்கிறான்.

"இறங்குங்கோ. நாங்கள் பாத்துப் பழகிறம்."