தானாகவே சரியாகும்

கூரியர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை நடுவழியில் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தப்பான முகவரி, விட்டுப்போன கதவு எண் என்று எல்லாவற்றையும் பதினோரு வருடமாக அவர்தான் திருத்தி ஓடவிட்டார்.

"புது சாப்ட்வேர் தப்பை அதுவே சரிபண்ணிக்குது சார். திங்கள்லேர்ந்து நீங்க வர வேண்டாம்," என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தவர் அறைவாசலில் நின்றார். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாக வீட்டிலிருந்தே ஏதோ டைப்பிங் வேலை. வெளியே சொல்லக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"எனக்கு வேலை போயிடுச்சும்மா. இனிமே மெஷினே பாத்துக்குமாம்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. "ஐயோ, ஒரு நிமிஷங்க. இதை உடனே முடிக்கலேன்னா என்னையும் நிறுத்திடுவாங்க."

அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார். திரையில் கம்பெனிப் பெயரை மறைத்திருந்தார்கள். ஆனால் பதினோரு வருடமாகத் திருத்திவந்த அந்தப் படிவத்தை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார். விட்டுப்போன கதவு எண்ணைத் தேடியெடுத்து அவள் தட்டினாள். சிவப்பு வரி பச்சையானது: 'தானாகவே சரிசெய்யப்பட்டது.'

"இப்ப சொல்லுங்க," என்றாள், கண்ணைக் கசக்கியபடி. "எந்த மெஷினாம்?"